கடைசி சுவிட்ச்

மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் நல்லசிவம் உட்கார்ந்தார்.

தையல்நாயகி எழுந்து போய் மறுபடி போட்டார். தலைநகரிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்தவர். கழுத்தில் வியர்வை இன்னும் காயவில்லை.

“மன்னிச்சுக்கங்கம்மா. கை தானாப் போயிடுது.”

“தெரியும் சார்.”

நல்லசிவத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. நாட்டின் நிதிச் செயலர். அவருடைய குருவான தையல்நாயகிக்கு நாற்பத்தொன்று. கடலோரக் குன்றின் மேல் இருந்த விண்வெளி நிலையத்துக்குப் பொறுப்பாளர். நிலையத்துக்குப் பணம் ஒதுக்குவது நல்லசிவத்தின் கையில் இருந்ததால் தையல்நாயகி அவரை சார் என்று கூப்பிட்டார். நல்லசிவம் அவரை அம்மா என்று கூப்பிட்டார். அதற்குக் காரணம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஏழு வருடம் முன்பு ஆய்வுக்காக வந்தவர், குன்றின் உச்சியில் வானத்தைப் பார்த்து மல்லாந்திருந்த பெரிய வெள்ளைத் தட்டைக் காட்டி, இது எந்நேரமும் என்ன செய்கிறது என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கிறது என்றார் தையல்நாயகி. எதை என்றார் நல்லசிவம். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தார் தையல்நாயகி. சாயங்காலம் வரை வெறும் இரைச்சல். நடுவில் ஒருமுறை மட்டும், ஒரு சிறு கோளைத் தேடிப் போய்க்கொண்டிருந்த விண்கலத்தின் குரல், கொதிக்கும் உலையில் ஓர் அரிசி புரள்வதுபோலக் கேட்டது. அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே வந்தார். அதன்பின் எல்லாச் சனிக்கிழமையும் வந்தார்.

தலைமைச் செயலகத்தில் அவர் காதுபடவே தட்டுச்சாமியாரின் சீடர் என்றார்கள். வானத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் என்னதான் கற்றுக்கொண்டீர்கள் என்று மனைவி கேட்டாள். இன்னும் வானத்துக்கு வரவில்லை, உட்காரத்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்றார்.

இன்றைக்கு அதுவும் வரவில்லை. உட்கார்ந்தவர் எழுந்தார். ஜன்னல் வரை போனார். ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. கரையோரம் எங்கும் ஒட்டச் சொல்லி உத்தரவு. பட்டப்பகலில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

எதிர்க்கரை நாட்டின் கப்பல்கள் புதன்கிழமை கிளம்பி வளைகுடாவின் நடுவில் வந்து நின்றிருந்தன. அவற்றுக்கு எதிரே நம் படகுகள். அந்தப் படகுகளில் ஒன்றில் நல்லசிவத்தின் மகன் பரிதி இருந்தான். நேற்று இரண்டு வார்த்தை பேசினான். படகில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டோம் அப்பா, உங்களுக்குச் சந்தோஷம்தானே என்றான். நல்லசிவம் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

நாளைக் காலை சபை கூடுகிறது. நிலையத்தை மூடி, அதன் பணத்தில் கரை நெடுகப் பீரங்கி வைக்கலாமா என்பதுதான் பேச்சு. நிதிச் செயலர் சொல்வதை வைத்து முடிவெடுப்பார்கள்.

“நான் என்னம்மா சொல்றது?” என்றார்.

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார் தையல்நாயகி.

நல்லசிவம் சொன்னார். மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையில் வரிசை நிற்கிறது. மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒரு மந்திரி, பக்கத்து வீட்டுக்காரன் கத்தியைத் தீட்டும்போது நாம் மொட்டைமாடியில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்லசிவமும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு அதை நினைத்துச் சாப்பிட முடியவில்லை.

“அவர் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியலம்மா. நம்ம கலம் கோளுக்குப் போய்ச் சேருது. சேரட்டும். படகுல நிக்கறவனுக்கு அதனால என்ன?”

“சரியான கேள்விதான் சார்.”

நல்லசிவம் இதை எதிர்பார்க்கவில்லை.

“நீங்க மறுத்துப் பேசுவீங்கன்னு வந்தேன்.”

“எதை மறுக்கறது? மண்ணெண்ணெய் இல்லைங்கறது நிஜம். பரிதி படகுல இருக்கறது நிஜம்.”

பிறகு, கப்பல் வருவதற்கு முன்பே, நிலையத்துக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்கத்தான் தன்னையும் கூப்பிட்டிருந்தார்கள் என்றார். ஒரு வாரம் தலைநகரில் ஒரு தாழ்வாரத்தில் நிற்க வைத்தார்கள். உள்ளே கூப்பிடவே இல்லை. நிற்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் யோசித்தார். சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

குருவிடமும் பதில் இல்லை என்றால் நாளைக்குச் சபையின் மேசையில் எதை வைப்பது?

“அது மட்டும் இல்லம்மா,” என்றார் நல்லசிவம். “அவங்க விளக்கை அணைச்சிட்டாங்க.”

மேசையைக் காட்டினார். அங்கே எண் சுழற்ற வழியில்லாத ஒரு பழைய கறுப்புத் தொலைபேசி இருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் அளவு பச்சை விளக்கு. அது எரியவில்லை.

அந்தத் தொலைபேசி எதிர்க்கரையின் விண்வெளி நிலையத்துக்கு மட்டுமே போகும். இரண்டு நாடுகளுக்கும் மேலே செயற்கைக்கோள்கள் இருந்தன. வானம் ஒன்றுதான். ஒருவர் தன்னுடையதை நகர்த்தும்போது மற்றவருக்குச் சொல்லாவிட்டால் முட்டிக்கொள்ளும்; அல்லது தாக்க வருவதாகத் தோன்றும். அதனால் சொன்னார்கள். எண்களைச் சொல்வார்கள், மறுமுனையில் திருப்பிச் சொல்வார்கள். முடிக்கும்போது இரண்டு பேரும் தங்கள் பக்கத்து வானம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பார்கள். இது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது. போன சண்டையின்போதுகூட நிற்கவில்லை.

விளக்கு மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தது. அது எரிந்தால் அந்தப் பக்கம் நிலையத்து ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அணைந்தால், அந்த அறை வேறு யார் கைக்கோ போய்விட்டது. மணி அடித்தாலும் எடுக்கக் கூடாது.

நல்லசிவத்துக்கு அந்த விளக்கின் மேல் நெடுநாள் வருத்தம். பகலிலும் எரியும். வீட்டில் அவர் எழுந்தால் விருந்தாளிகளும் எழுந்துவிடுவார்கள். தாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் தலைக்கு மேல் மின்விசிறி நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் தையல்நாயகி உள்கதவு வழியாகத் தட்டுக்கு ஏறிப் போன பிறகு, வாசலில் நின்று, பலகையில் இருந்த சுவிட்சுகளை உள்ளங்கையால் ஒரே வீச்சில் மேலே தள்ளுவார். மின்விசிறி நிற்கும். குழல்விளக்கு அணையும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அதை முறைத்துவிட்டுப் படியிறங்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை அது தானாக அணைந்தது. நிலையத்து ஆட்கள் உடனே தலைநகருக்குச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை ஓர் உடைந்த துண்டு எதிரே வந்ததால் நம் செயற்கைக்கோள் ஒன்றை நகர்த்த வேண்டியிருந்தது. எதிர்க்கரைக்கு மணி அடித்தார்கள். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை கப்பல்கள் கிளம்பின. அன்றிலிருந்து சபையில் எந்தப் பேச்சும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது. அவர்கள்தான் முதலில் அணைத்தார்கள்.

“கூப்பிட்டா எடுக்கக்கூட ஆள் இல்லை,” என்றார் நல்லசிவம். “இனிமே இந்தத் தட்டு எதுக்கும்மா?”

தையல்நாயகி விளக்கைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன சனிக்கிழமை வந்தீங்களா சார்?”

“வந்தேன். நீங்க தலைநகருக்குக் கிளம்பிட்டதாச் சொன்னாங்க. எல்லாரும் மேல தட்டுப் பக்கம் இருந்தாங்க. இங்க ஆளில்லாம ஃபேன் ஓடிக்கிட்டிருந்தது.”

“அணைச்சீங்களா?”

“அணைக்காம?”

தையல்நாயகி எழுந்து பலகையிடம் போனார். ஐந்து சுவிட்சுகள். நான்கு கீழே இருந்தன. ஓரத்தில் இருந்த கடைசி சுவிட்ச் மட்டும் மேலே இருந்தது. காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவதுபோல அதைத் தொட்டார். பிறகு கீழே அழுத்தினார்.

அறையில் எதுவும் மாறவில்லை.

“அது எதுக்கு? இங்க ஒன்னும் எரியலையே.”

“இங்க எரியாது சார்.”

“அப்புறம்?”

“அங்க எரியும்.”

நல்லசிவம் பலகையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

“அப்ப இந்த விளக்கு?”

“இதோட சுவிட்ச் அவங்க சுவத்துல இருக்கு.”

நல்லசிவம் கணக்குப் படித்தவர். கூட்டிப் பார்க்க நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை இங்கே அணைந்தது. ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஞாயிறு அவர்கள் அணைத்தார்கள். செவ்வாய் மணி அடித்தும் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது. சொல்லாமல் நகர்ந்த செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதன் கப்பல். வெள்ளி, பரிதியின் குரல்.

உட்கார்ந்தார்.

“ஏழு வருஷமா நான்...”

“நீங்க படியிறங்கினதும் திரும்பி வந்து போட்டுடுவேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருக்கணும். ரெண்டொரு தடவை வாய் வரைக்கும் வந்தது. எல்லாத்தையும் அணைச்சிட்டு இறங்கிப் போறப்ப உங்க நடையில ஒரு நிம்மதி தெரியும். அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.” சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். “ஊருக்குப் போறப்பவும் மத்தவங்ககிட்ட சொல்லிட்டுப் போக ஞாபகம் வரல. தப்பு என்னோடதுதான் சார்.”

அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“இப்பப் போட்டாச்சுல்ல?” என்றார் நல்லசிவம். “அவங்க பாத்திருப்பாங்க. சரியாப் போயிடும்.”

“ஒரு வாரமா அணைஞ்சு கிடந்த விளக்கு, கப்பல் வந்து நிக்கறப்ப திடீர்னு எரிஞ்சா நீங்க என்ன நினைப்பீங்க?”

நல்லசிவம் சபையில் உட்கார்ந்து யோசிப்பதுபோல யோசித்தார்.

“ஏதோ பொறி வெக்கறாங்கன்னு.”

“அங்கயும் உங்களை மாதிரி ஒருத்தர் இருப்பாரு.”

“அப்ப அணைச்சிடுங்க.”

“அணைச்சா?”

நல்லசிவத்தின் பார்வை பலகைக்குப் போனது. சுவிட்ச் கீழேயே இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பச்சை விளக்கைச் சுற்றி நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். அவர்களில் ஒருவர் இந்நேரம் வேறொரு தொலைபேசியை எடுத்திருப்பார்.

தையல்நாயகி கறுப்புத் தொலைபேசியின் குழலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“நீங்க பேசுங்கம்மா. எனக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாது.”

“எண் வேண்டாம். யார் அணைச்சதுன்னு உங்களுக்குத் தெரியும்ல.”

நல்லசிவம் வாங்கவில்லை. தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசினார். எதிரியோடு பேச தனக்கு அதிகாரம் இல்லை. இது வெளியே வந்தால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், தேசத்துரோகம் என்று கேஸ் போடுவார்கள். அதெல்லாம் போகட்டும். ஒரு நாட்டின் நிதிச் செயலர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அணைத்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கேலி பண்ணுவதாக நினைத்தால்? கோபத்தில் முதல் குண்டு எந்தப் படகின் மேல் விழும்?

தையல்நாயகி கையை மடக்கவில்லை. குழலுக்குள் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. எடுத்தாலே மறுமுனையில் அடிக்கும் தொலைபேசி அது.

வாங்கிக்கொண்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை வைத்துவிடலாம் என்று குழலைக் காதிலிருந்து விலக்கினார். அப்போது அது நின்றது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. பின்னால் நாற்காலி இழுபட்டது.

“யாரு?” ஆண் குரல். சொற்களை இழுத்துப் பேசும் எதிர்க்கரைப் பேச்சு.

பதவியையும் பெயரையும் சொல்லித்தான் தொடங்குவார் நல்லசிவம். இரண்டும் வாயில் வரவில்லை.

“இங்க விளக்கை அணைச்சது நான்தான்,” என்றார். “போன சனிக்கிழமை. ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடிக்கிட்டிருந்தது. கரண்டு வீணாப் போகுதேன்னு எல்லாத்தையும் சேத்து அணைச்சேன். அது உங்க விளக்குன்னு எனக்குத் தெரியாது.”

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

மறுமுனையில் குழலைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்கள். இரண்டு மூன்று பேர். ஒரு குரல் உயர்ந்து அடங்கியது.

“செவ்வாக்கிழமை மேல நகத்தினது?”

“உடைஞ்ச துண்டு ஒன்னு வந்தது. சொல்றதுக்குக் கூப்பிட்டாங்க. நீங்க எடுக்கல.”

“விளக்கு எரியாதப்ப எடுக்கக் கூடாது.”

“ஆமா. எடுக்கக் கூடாது.”

“நீங்க சொல்றதை நாங்க எதுக்கு நம்பணும்?”

நல்லசிவம் குருவைத் திரும்பிப் பார்த்தார். தையல்நாயகி அணைந்து கிடந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்பறதுக்கு என்கிட்ட ஒன்னும் இல்லை,” என்றார். “எம் பையன் படகுல இருக்கான். அதையும் நீங்க நம்ப வேண்டியதில்லை.”

குழலைக் காதோடு அழுத்திக்கொண்டார். வைத்துவிட்டார்களோ என்று தோன்றியது. பிறகு வேறு குரல் வந்தது. வயதான பெண் குரல்.

“சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை அணைஞ்சு உடனே எரியும். வாரா வாரம். அது யாரு?”

நல்லசிவத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“அதுவும் நான்தாம்மா. வீட்டுக்குக் கிளம்பறப்ப.”

“ஏழு வருஷமா?”

“ஏழு வருஷமா.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரே ஓர் ஆள்; அதுவும் உடனே நின்றுவிட்டது.

“அதுல ஏதோ சேதி ஒளிஞ்சிருக்குன்னு இங்க ஒரு குழுவே போட்டிருக்கோம்,” என்றாள் அந்தப் பெண். “இன்னும் பணம் ஒதுக்கிக்கிட்டிருக்கோம்.”

“கலைச்சிடுங்க,” என்றார் நல்லசிவம், தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்.

தையல்நாயகி குழலை வாங்கி எண்களைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்க வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு, அடுத்ததைச் சொன்னார். முடிந்ததும் குழலை மறுபடி நல்லசிவத்திடமே கொடுத்தார்.

“வானம் எப்படி?” என்று கேட்டாள் எதிர்க்கரைப் பெண்.

நல்லசிவம் ஜன்னலைப் பார்த்தார்.

“தெரியல. கறுப்புத் தாள் ஒட்டியிருக்கு.”

“இங்கயும்தான்.”

அந்தப் பக்கம் தாள் கிழியும் சத்தம் கேட்டது. நல்லசிவம் தொலைபேசிக் கம்பி இழுபடும் வரை ஜன்னல் பக்கம் போய், நகத்தால் ஒரு மூலையைப் பெயர்த்து இழுத்தார்.

“மேகம்,” என்றார். “கடல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கு.”

“இங்க மழை. நல்ல மழை.”

வைத்துவிட்டார்கள்.

பச்சை விளக்கு எரியவில்லை.

தங்கள் மேலே உள்ளவர்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள் என்றார் தையல்நாயகி. போடாமலும் போகலாம் என்றார். பிறகு நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்லசிவமும் உட்கார்ந்தார்.

கிழிந்த மூலை வழியாகக் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. படகு எதுவும் தெரியவில்லை. அவ்வளவு தூரம் தெரியாது. மேலே தட்டுப் பக்கம் யாரோ வானொலி வைத்திருந்தார்கள். கப்பல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்றது. கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னது. மழை நடு வளைகுடாவுக்கு வந்திருக்குமா என்று யோசித்தார் நல்லசிவம். பரிதிக்குச் சின்ன வயதிலிருந்தே நனைந்தால் சளி பிடிக்கும். குண்டுக்குப் பயப்பட வேண்டிய நேரத்தில் சளியை நினைப்பது அவருக்கே விநோதமாக இருந்தது.

“நாளைக்கு முதல்ல அணைச்சது யாருன்னும் சொல்லணும்,” என்றார்.

தையல்நாயகி தலையாட்டினார்.

“வேலை போயிடும்.”

அதற்கும் தலையாட்டினார்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. நல்லசிவத்தின் மனம் பழகிய வழிக்குத் திரும்பியது. இருபத்தெட்டு வருடம் வரவுசெலவு பார்த்த மனம்.

“ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த போனுக்கும் விளக்குக்கும் மட்டும் ஒதுக்கினாப் போதாதா? பெரிய செலவு தட்டுக்குத்தான். அதை மூடிட்டு, இதை மட்டும் வெச்சுக்கிட்டா?”

“தட்டு இல்லாதவங்ககிட்ட அவங்க எதைப் பேசுவாங்க சார்?”

நல்லசிவம் தலையை உயர்த்தி, மேலே தட்டு இருக்கும் பக்கம் பார்த்தார்.

தேநீர் வந்தது. ஆறிப் போனது. கிழிந்த மூலையில் வெளிச்சம் மஞ்சளாகி, தரையில் நீண்டு, மேசைக் காலில் ஏறியது. தையல்நாயகி உட்கார்ந்த நிலையிலேயே ஒருமுறை தூங்கி விழித்தார். நல்லசிவம் அசையவில்லை. காலில் உணர்வே இல்லை. எழுந்து பலகையிடம் போய், சுவிட்ச் கீழேதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. போகவில்லை.

விளக்கு எரிந்தது.

சத்தமே இல்லாமல். எந்த நொடியில் என்று இருவராலும் சொல்லியிருக்க முடியாது. பச்சை வெளிச்சம் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார்கள்.

மேலே வானொலி கப்பல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்று மறுபடி சொன்னது.

தையல்நாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோளைத் தேடிப் போன கலம் அடிவானத்துக்கு மேல் வரும் நேரம். தட்டைத் திருப்ப வேண்டும். உள்கதவு வரை போனவரை நல்லசிவத்தின் குரல் நிறுத்தியது.

“அம்மா. நான் அணைச்சதை நான் சொல்லிடுவேன். அதுக்கப்புறம் பழைய கேள்வியைத்தான் கேப்பாங்க. சண்டை வாசல்ல நிக்கறப்ப வானத்துக்கு இவ்வளவு செலவு எதுக்குன்னு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

தையல்நாயகி கதவில் கை வைத்தபடி நின்றார்.

“அவங்க பக்கம் மழை பெய்யுதுன்னு சொல்லுங்க சார்.”

இன்னும் ஏதாவது சொல்வார் என்று நல்லசிவம் காத்திருந்தார். படியேறும் சத்தம்தான் கேட்டது. அதுவும் மெல்ல நின்றது.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். விரித்த உள்ளங்கை பலகை வரை போய் நின்றது. பிறகு ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி, ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். மின்விசிறி. குழல்விளக்கு. ஜன்னலோர விளக்கு. பிளக். அதோடு கையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.